லாமாவும் அல்பாக்காவும்: நமது வெள்ளியும் கோட்டும் கொயினாவும் வந்த வழி

தென் அமெரிக்க மலைகளில் வாழும் லாமா, அல்பாக்கா என்னும் இரு பிராணிகளின் உருவத்தை இக்காலத்தில் காணாதார் சிலரே. பிள்ளைகளின் படப்புத்தகத்திலும், கடைவீதியிற் பஞ்சடைத்து விற்கும் பொம்மையிலும், கைப்பேசித் திரையிலும் அவை கழுத்தை நிமிர்த்தி நிற்கின்றன. ஆனால், இன்னது லாமா, இன்னது அல்பாக்கா என்று பிரித்துக் காட்டுமாறு கேட்டால் நம்மிற் பெரும்பாலோர் விழிப்பர். திமிலில்லாத ஒட்டகம் என்பார் ஒருவர். கழுத்து நீண்ட செம்மறியாடு என்பார் மற்றொருவர். ‘லாமா என்பது திபேத்து நாட்டுப் புத்த குருவன்றோ?’ என்று வினவுவாரும் உளர். அக்குருவுக்கும் இப்பிராணிக்கும் ஒலியொற்றுமை தவிர வேறு உறவு யாதுமில்லை.

எங்கோ கிடக்கும் மலைநாட்டு மிருகங்களைப் பற்றிப் பால்மரத்துக்கும் செம்பனைக்கும் இடையில் வாழும் நமக்கு யாது கவலை என்று நேயர்கள் எண்ணலாம். அவர்கள் மூன்று சொற்களை மட்டும் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். கூலியை எண்ணும்போது நாம் ‘வெள்ளி’ என்கிறோம். பாட்டனார் காலத்து உத்தியோகஸ்தரின் கறுப்பு மேற்சட்டையை ‘அல்பாக்கா கோட்டு’ என்றார்கள். பெரட்டுக் களத்தில் முகஞ்சுளித்து விழுங்கிய மருந்தைக் ‘கொயினா’ என்றார்கள். இம்மூன்றின் அடிச்சுவட்டையும் பற்றிக்கொண்டு பின்னோக்கி நடந்தால், ஆண்டிஸ் என்னும் அந்த மலைத்தொடருக்கே போய்ச் சேருவோம். முதலாவதின் வழியில் லாமா சுமையேந்தி நிற்கிறது. இரண்டாவதை அல்பாக்கா தந்தது. மூன்றாவது, அல்பாக்காவைக் கடல் கடத்திய ஒரு வியாபாரியின் கைவழியே வந்தது. ஆதலின் இவ்விரு பிராணிகளின் வேற்றுமை வெறும் மிருகக்காட்சிச்சாலைச் செய்தியன்று. நம் சரித்திரத்தின் ஒரு சிறு கிளையுமாகும்.

முதற்கண் உருவத்தைப் பார்ப்போம். லாமா பெரிது. தோள்வரை மூன்றரை அடிக்கு மேல்; தலையுச்சி வரை அளந்தால் ஆறடியைத் தொடுவதும் உண்டு. எடை 130 முதல் 200 கிலோ வரை. அல்பாக்காவோ தோள்வரை மூன்றடியளவே. எடை பெரும்பாலும் 50 முதல் 80 கிலோ. இரண்டையும் அருகருகே நிறுத்தினால், வளர்ந்த அண்ணனுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகும் தம்பி நிற்பது போலிருக்கும். லாமாவின் காது நீண்டு உட்புறம் வளைந்து வாழைப்பழத்தின் வடிவில் இருக்கும். அல்பாக்காவின் காது குறுகி, வேல் நுனி போல் நேராக நிற்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இக்காதே சிறந்த அடையாளம். லாமாவின் முகம் நீண்டது, மயிர் குறைந்தது. அல்பாக்காவின் முகம் குறுகியது. நெற்றியிலிருந்து கண்மேல் விழும் உரோமக் கற்றையும் அதற்குண்டு. லாமாவின் முதுகு பலகைபோல் நேரானது. அல்பாக்காவின் முதுகு சற்றே வளைந்து வாற்பக்கம் சரியும். பொதி ஏற்றத் தகுந்த முதுகு எது என்பதை இதைக்கொண்டே அறியலாம்.

உரோமத்திலும் வேற்றுமை உண்டு. லாமாவுக்கு இரண்டு அடுக்கு: மேலே முரட்டு மயிர், உள்ளே மென்மையான உரோமம். முரட்டு மயிரைக் கயிறாகத் திரிப்பர், சாக்காக நெய்வர். தான் சுமக்கும் சாக்கையும் தன்னைக் கட்டும் கயிற்றையும் லாமா தன் உடம்பிலிருந்தே தருகிறது. அல்பாக்காவின் உரோமமோ பெரும்பாலும் ஒரே தரமாய், மெல்லியதாய், பளபளப்பாய் இருக்கும். வெண்மை முதல் கருமை வரை பற்பல நிறங்களில் இயற்கையாகவே கிடைக்கும். அல்பாக்காவிலும் இருவகை உண்டு. சுருள் சுருளாய்ப் பஞ்சு போல் மூடிய வக்காயா ஒன்று. புரிபுரியாய்த் தொங்கும் சூரி மற்றொன்று. பத்தில் ஒன்பதுக்கு மேல் வக்காயாவே.

குணமும் ஒன்றன்று. அல்பாக்கா கூச்சமுடையது, மந்தையை விட்டுப் பிரிந்தால் மருளும். லாமா துணிவுடையது, செம்மறி மந்தைக்குக் காவலாகவே அதைச் சில நாடுகளில் வளர்க்கின்றனர். ஆண் லாமா ஏறக்குறைய 25 அல்லது 30 கிலோ சுமையுடன் ஒரு நாளில் இருபது கிலோமீட்டர் அளவு மலைவழி நடக்கும். அதற்கு மேல் ஏற்றினால் உட்கார்ந்துவிடும். அடித்தாலும் எழாது, மேலும் வற்புறுத்தினால் முகத்தில் துப்பும். சங்கமும் சந்தாவும் இல்லாமலே வேலைநிறுத்தம் செய்யத் தெரிந்த பிராணி இது ஒன்றே என்று எமக்குத் தோன்றுகிறது.

இவ்வளவு வேற்றுமையிருந்தும் இரண்டும் தம்முள் கூடிக் குட்டி ஈனும், அக்குட்டியும் மலடன்று. ஆண் லாமாவுக்கும் பெண் அல்பாக்காவுக்கும் பிறந்ததை அந்நாட்டார் வாரிசோ என்பர். நம் ‘வாரிசு’ என்னும் சொல்லோடு அது ஒத்தொலிப்பது தற்செயலே. எனினும் பொருத்தமான தற்செயல்.

ஒட்டகக் குடும்பம் தோன்றியது அரேபியாவிலன்று, வட அமெரிக்காவில். அங்கிருந்து ஒரு கிளை ஆசியாவுக்குச் சென்று ஒட்டகமாயிற்று. மற்றொரு கிளை ஏறக்குறைய முப்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் தெற்கே இறங்கி, குவானாக்கோ, விக்குனா என்னும் இரு காட்டுப் பிராணிகளாக இன்றும் ஆண்டிஸ் மலையில் உலவுகிறது. ஆறாயிரம், ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெரு நாட்டு மேட்டுநிலத்தில் வேடர்களாயிருந்த ஜனங்கள் இவற்றைப் பிடித்துப் பழக்கி இடையர்களானார்கள். அவ்வாறு பழக்கியதன் பயனே லாமாவும் அல்பாக்காவும். காட்டில் இவ்விரண்டும் இல்லை. மனிதன் கைபடாமல் இவை உண்டானதில்லை. 1758-ல் லின்னேயஸ் என்னும் சுவீடன் தேசத்து அறிஞர் இரண்டையும் ஒட்டக இனத்திலேயே சேர்த்து எழுதினார். அதன்பின் நெடுங்காலம் லாமா, அல்பாக்கா இரண்டும் குவானாக்கோவின் வழிவந்தவை என்றே பலர் கொண்டிருந்தனர். 2001-ல் வெளியான மரபணு ஆராய்ச்சி அக்கருத்தை மாற்றிற்று. லாமாவின் மூதாதை குவானாக்கோ. அல்பாக்காவின் மூதாதை விக்குனா. ஆனால் இன்றுள்ள மந்தைகளிற் பெரும்பாலானவற்றில் இரண்டின் இரத்தமும் கலந்து கிடக்கிறது என்பதும் அவ்வாராய்ச்சியிற் கண்டதே.

இந்தக் கலப்பு எப்போது வந்தது? தென் பெருவில் எல் யாரல் என்னுமிடத்தில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட லாமாக்களும் அல்பாக்காக்களும் வறண்ட மண்ணில் உலர்ந்து உரோமத்தோடு கிடைத்தன. ஜேன் வீலர் என்னும் ஆராய்ச்சியாளர் அவற்றின் உரோமத்தை அளந்து பார்த்தார். இன்றைய பிராணிகளினும் அவற்றின் உரோமம் மெல்லியதாகவும் ஒரே சீராகவும் இருந்தது. அதாவது, எழுத்தறியாத இடையர்கள் எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து, சுமைக்கு ஒன்று, ஆடைக்கு ஒன்று என்று இரு இனங்களைப் பிரித்துக் காத்திருந்தனர்.

இன்கா அரசர் காலத்தில் இம்மந்தைகளே அந்நாட்டின் செல்வம். அரசின் மந்தை, கோயில் மந்தை, ஊர் மந்தை என்று பிரித்துக் கணக்கு வைத்தனர். அந்நாட்டில் வண்டிச் சக்கரம் இல்லை, குதிரையில்லை, எருதில்லை, லாமா ஒன்றே பொதிமிருகம். அதன்மேல் ஏறிச் செல்லவும் இயலாது. நெய்த துணியோ பொன்னினும் மேலாக மதிக்கப்பட்டது. மிக நேர்த்தியான துணியை அரசன் தன் படைத்தலைவர்க்குப் பரிசாக அளித்தான். தேவதைகளுக்கென்று தீயிலிட்டும் எரித்தான். லாமாக்களையும் பலியிட்டனர். பலிபீடம் நம்மவர்க்குப் புதிதன்று. ஆகவே அதைப்பற்றி இங்கு விரிக்க வேண்டுவதில்லை. செக்ரோல் எழுதிப் பிழைக்கும் எமக்கு வியப்பளித்தது அவர்களுடைய கணக்குமுறையே. பருத்தியாலோ இவ்வுரோமத்தாலோ திரித்த கயிறுகளில் முடிச்சிட்டு, ஜனத்தொகையும் வரியும் மந்தையின் தலைக்கணக்கும் பதிந்து வைத்தார்கள். கீப்பு என்பது அக்கயிற்றின் பெயர். அதற்கெனத் தனியே கணக்கப்பிள்ளைகள் இருந்தனர். ஓலையில்லை, மையில்லை, ஆட்டுக்கணக்கை அப்பிராணியின் மயிரிலேயே எழுதிய கிராணிகள் அவர்கள்.

1532-ல் பிசாரோ என்னும் ஸ்பானியன் காஹமார்க்கா நகரில் அத்தவால்ப்பா அரசனைச் சிறைப்பிடித்தான். அதன்பின் நூறாண்டுக்குள் மலைநாட்டு மந்தைகளிற் பெரும்பகுதி அழிந்தது. கொன்று தின்றது ஒருபுறம். ஐரோப்பாவிலிருந்து வந்த செம்மறியாடு நல்ல புல்வெளிகளைப் பற்றிக்கொண்டது மற்றொருபுறம். எஞ்சிய லாமாக்களும் அல்பாக்காக்களும் உயரமான வறண்ட மேடுகளுக்குத் துரத்தப்பட்டன. இடையர்களும் நோயாலும் கட்டாய வேலையாலும் மாண்டனர். அவர்களோடு இனத்தெரிவு வித்தையும் மாண்டது. அப்போது தொடங்கியதே மேற்சொன்ன இரத்தக் கலப்பு. இன்று ஒரு மந்தையைப் பார்த்து இது லாமாவா, அல்பாக்காவா என்று அவ்வூராரே சில வேளை தயங்குவரென்றால், அத்தயக்கத்துக்கு இயற்கை காரணமன்று, படையெடுப்பே காரணம்.

1545-ல் இன்றைய பொலிவியா தேசத்தில் பொட்டோசி என்னும் மலையில் வெள்ளி கண்டார்கள். கடல்மட்டத்துக்கு நாலாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட அவ்வுயரத்தில் பிற மிருகங்கள் மூச்சுத் திணறும். லாமாவின் இரத்தம் குறைந்த காற்றிலும் பிராணவாயுவை நன்கு பற்றும் இயல்புடையது. ஆகவே மலையிலிருந்து தாதுமண்ணை இறக்கியதும், உருக்கிய வெள்ளியை அரிக்கா துறைமுகம் நோக்கிச் சுமந்ததும் லாமாக்களே. சுரங்கத்துள் இறங்கியவர்கள் மலைநாட்டுக் குடியானவர்கள். 1570-களில் தொலேதோ என்னும் ராஜப்பிரதிநிதி ‘மீத்தா’ என்ற முறையைக் கட்டாயச் சட்டமாக்கினான். ஊருக்கு ஊர் முறைவைத்து ஆள் அனுப்பவேண்டும், அனுப்பப்பட்டவன் மறுக்கலாகாது. நம் முன்னோர் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் கையொப்பமேனும் இருந்தது. மீத்தாவில் அதுவும் இல்லை. சுமை மிகுந்தால் உட்கார்ந்துவிடும் உரிமை அந்நாட்டில் லாமாவுக்கு இருந்தது, மனிதனுக்கு இருக்கவில்லை.

அவ்வெள்ளி ஸ்பானிய நாணயமாக அடிக்கப்பெற்று உலகெங்கும் பரவியது. 1565 முதல் 1815 வரை மெக்சிக்கோவின் அக்காப்புல்கோ துறையிலிருந்து மணிலாவுக்கு ஆண்டுதோறும் வெள்ளிக் கப்பல் போயிற்று. மணிலாவிலிருந்து சீன வணிகர் கைக்கும், அங்கிருந்து தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்கும் அந்நாணயம் வந்தது. அவையெல்லாம் பொட்டோசியில் விளைந்தவையல்ல. மெக்சிக்கோவின் பங்கும் பெரிது, பிற்காலத்தில் அதுவே மிகுதி. எனினும் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் உலகத்து வெள்ளிக்குப் பொட்டோசியே தலைக்கிடம். நாணயத்தின் விளிம்பு அரம்போல் அராவப்பட்டிருந்தமையால் மலாய்க்காரர் அதை ‘ரிங்கிட்’ என்றனர். பல்விளிம்புடையது என்பது அச்சொல்லின் பொருள். தமிழர் அதன் உலோகத்தைக் கொண்டு ‘வெள்ளி’ என்றனர். பினாங்கிலும் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் ஸ்பானிய, மெக்சிக்க வெள்ளிகளே பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுதும் வியாபாரப் பணம். 1903-ல் தான் இந்நாட்டுக்கெனத் தனி வெள்ளி அடித்தார்கள். 1975-ல் ரிங்கிட் என்ற பெயர் அரசாங்கப் பெயராயிற்று. நோட்டுக் காகிதமானாலும் கைப்பேசியில் ஓடும் எண்ணானாலும் நம் வாயில் அது வெள்ளிதான்.

கோலாலம்பூரே இவ்வெள்ளியின் மேல் எழுந்த ஊராகும். 1857-ல் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, மலாக்காச் சீன வணிகரிடம் 30,000 வெள்ளி பெற்று, 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றின் மேல் அம்பாங் காட்டுக்கு ஈயம் தோண்ட அனுப்பினார். ஒரு மாதத்துக்குள் அவர்களில் 18 பேரே எஞ்சினர் என்று வரலாறு கூறுகிறது. கொன்றது புலியன்று, மலேரியாக் காய்ச்சல். அக்காய்ச்சலுக்கு மருந்து இருந்தது. அதுவும் ஆண்டிஸ் மலையில்தான் இருந்தது. அதைக் கூறுமுன் அல்பாக்காவின் கதையைச் சொல்லவேண்டும்.

லாமாவின் உழைப்பு ஐரோப்பாவுக்கு முதல் நூறாண்டிலேயே தெரிந்துவிட்டது. அல்பாக்காவின் உரோமமோ முந்நூறாண்டு அறியப்படாமற் கிடந்தது. 1836-ல் டைட்டஸ் சால்ட் என்னும் பிராட்போர்டு நகரத்து நெசவு முதலாளி, லிவர்ப்பூல் கிடங்கொன்றில் வாங்குவாரற்றுக் கிடந்த சில பொதிகளைக் கண்டார். பிறர் ஒதுக்கிய அவ்வுரோமத்தைக் கொண்டுபோய்ப் பரீட்சை செய்து, பருத்திப் பாவில் அல்பாக்கா ஊடையிட்டு நெய்தால் பட்டுப்போல் மினுங்கும் இலேசான துணி கிடைப்பதைக் கண்டுபிடித்தார். செல்வம் குவிந்தது. 1853-ல் தம் பெயராலேயே சால்ட்டேர் என்னும் ஆலையூரைத் திறந்தார். தொழிலாளர்க்கு வீடும் பள்ளியும் மருத்துவமனையும் கட்டினார். மதுக்கடை மட்டும் கூடாதென்றார். கள்ளுக்கடையைத் தோட்டத்துள்ளேயே வைத்திருந்த முதலாளிகள் நம் நாட்டிலும் இருந்தார்கள் என்பதை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை.

அத்துணி வெப்ப நாடுகளுக்கு மிகவும் ஏற்றது. கம்பளி போற் சுடாது, அழுக்குத் தெரியாது, மழைநீர் எளிதிற் பற்றாது. 1848-ல் லண்டன் குடை வியாபாரிகள் குடைக்கு அதைப் போர்த்தவும் உரிமைச்சீட்டுப் பெற்றனர். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் வக்கீல், குமாஸ்தா, உபாத்தியாயர் முதலானோரின் தோளில் கறுப்பு அல்பாக்கா கோட்டு ஏறியது. ரயில்வே வேலைக்கென யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய கிராணிமாருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்மாருக்கும், தோட்டத்து ஆபீஸ் கிராணிமாருக்கும் கோட்டென்பது வெறும் உடையன்று, உத்தியோகத்தின் அடையாளம். அன்றாடத்துக்கு வெள்ளைக் கோட்டும், படம் பிடிக்கவும் கலியாணத்துக்கும் கறுப்புக் கோட்டும் என்றிருந்தவர் பலர். தமிழில் ‘அல்பாக்கா’ என்னும் சொல் துணியின் பெயராகவே முதலில் வழங்கிற்று. பிராணியைப் பற்றிக் கேள்விப்படாமலே அதன் மயிரை ஆயுள் முழுதும் உடுத்தினார்கள். மலிவு விலைக்கு விற்றவற்றில் உண்மை அல்பாக்கா எத்தனை முழம் என்பதும் ஐயமே. நல்ல சரக்கிலும் பாதி பருத்தி.

அக்கோட்டின் மரியாதை எவ்வளவு இருந்ததென்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு வேறொரு கோரிக்கையும் வைத்தனர். துரைமாரும் தோட்ட உத்தியோகஸ்தரும் எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் கட்டாயம் ஒழியவேண்டும் என்பதே அது. துரையோடு நம்மவரான கிராணியும் அப்பட்டியலில் இருந்தார். இருவரும் ஒரே ஊரிலிருந்து ஒரே கப்பலில் வந்திருக்கலாம். ஒருவனுக்குச் சுமை, ஒருவனுக்குச் சட்டை என்று பிரித்தது பிறவியன்று, வேலை. லாமாவுக்கும் அல்பாக்காவுக்கும் கூட முன்னோர் வேறு. இவர்களுக்கோ முன்னோரும் வேறல்லர்.

சால்ட்டின் வெற்றியைக் கண்டு அல்பாக்காவையே தம் நாட்டில் வளர்த்துவிட ஆங்கிலேயர் ஆசைகொண்டனர். பெரு அரசாங்கமோ உயிருள்ள அல்பாக்காவை வெளியேற்றலாகாது என்று தடைபோட்டது. லண்டனில் 1818-ல் பிறந்து, பதினெட்டு வயதிற் பெருவுக்குச் சென்று, அல்பாக்கா உரோமமும் சிங்கோனாப் பட்டையும் வாங்கி விற்ற சார்லஸ் லெட்ஜர் என்பவர் இத்தடையை மீறத் துணிந்தார். மந்தையைப் பொலிவியா, அர்ஜென்டினா வழியாகப் பனிமலை கடந்து சிலி நாட்டுக் கரைக்கு ஓட்டிப்போய்க் கப்பலேற்றினார். இவ்வேலைக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1858 நவம்பரில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட உருப்படிகளோடு சிட்னியில் இறங்கினார். நியூ சௌத் வேல்ஸ் அரசாங்கம் அவற்றை 15,000 பவுனுக்கு வாங்கிற்று. ஆனால் அம்மந்தை தூய அல்பாக்கா மந்தையன்று. லாமாக்களும் கலப்பினங்களும் அதிற் சேர்ந்திருந்தன. உரோமம் எதிர்பார்த்த பயன் தரவில்லை. சில ஆண்டுகளில் மந்தை ஏலம்போய்ச் சிதறியது. லாமாவுக்கும் அல்பாக்காவுக்கும் உள்ள வேற்றுமை ஓர் அரசாங்கத்துக்குப் பணச்செலவோடு விளங்கிய இடம் இது.

லெட்ஜரிடம் பட்டை வியாபாரத்தில் வேலைசெய்தவர் மானுவெல் இன்க்ரா மமானி என்னும் பொலிவியக் குடிமகன், ஐமாரா ஜாதியினர். சிங்கோனா மரத்தில் எது கொயினாச் சத்து மிகுந்தது, எது வெறும் மரம் என்பதை இலையைக் கண்டே சொல்ல வல்லவர். பிரிட்டிஷார் 1860-ல் அனுப்பிய மார்க்ஹம் கூட்டத்தார் கொண்டுவந்த செடிகள் நீலகிரியில், உதகமண்டலத்தருகே நடப்பட்டிருந்தன. அவற்றிற் கொயினா குறைவு. (நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டத்தில் வேலைசெய்தவருள், நம் நீரிணைக் குடியேற்றப் பகுதிகளிலிருந்து சென்னை ராஜதானிச் சிறைக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளும் இருந்தனர், விடுதலையானபின் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கினர்.) நல்ல ஜாதி விதைக்காக லெட்ஜர் சிட்னியிலிருக்கையிலேயே மமானிக்குச் சொல்லியனுப்பினார். மமானி காட்டில் காத்திருந்தார். ஆண்டுதோறும் உறைபனி மலரைக் கருக்கியது. நான்கு ஆண்டு விதையில்லை. ஐந்தாவது பருவத்தில் விதை திரட்டி, 1865-ல் நெடுந்தூரம் நடந்து லெட்ஜரிடம் சேர்த்தார்.

லெட்ஜர் அவ்விதையை லண்டனிலிருந்த தம் சகோதரருக்கு அனுப்பினார். பிரிட்டிஷ் அரசாங்கம் வேண்டாமென்றது. டச்சு அரசாங்கம் ஒரு பவுண்டு விதை மட்டும் சொற்ப விலைக்கு வாங்கி ஜாவாத்தீவில் விதைத்தது. மீதியை இந்தியாவிற் சிங்கோனா பயிரிட்ட ஒருவர் வாங்கினார். இந்தியாவில் அது செழிக்கவில்லை. ஜாவாவில் முளைத்த மரங்களை 1870-களில் சோதித்தபோது, அதுவரை எந்தத் தோட்டத்திலும் காணாத அளவு கொயினா இருந்தது. அம்மரத்துக்கு லெட்ஜரின் பெயரை இட்டனர். 1930-களில் உலகத்துக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜாவாவினுடையது. விலையை ஆம்ஸ்டர்டாமில் வைத்தார்கள். லெட்ஜர் முதுமையில் வறுமையுற்று, டச்சுக்காரர் கடைசியில் கொடுத்த சிறு உபகாரச் சம்பளத்தோடு 1905-ல் ஆஸ்திரேலியாவில் இறந்தார். மமானி மறுபடியும் விதை திரட்டச் சென்றபோது பிடிபட்டார். விதை யாருக்கென்று சொல்லும்படி சிறையில் அடித்தார்கள். அவர் சொல்லவில்லை. வெளியே வந்த சில நாளில், 1871-ல், இறந்தார். மரத்துக்கு அவர் பெயர் இல்லை.

கிள்ளானுக்குத் திரும்புவோம். 1901 தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்னும் இளம் வைத்தியர் கிள்ளானுக்கு அரசாங்க டாக்டராக வந்தார். ஊரே காய்ச்சலிற் கிடந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட புதுத் துறைமுகமாகிய போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (1972 முதல் போர்ட் கிள்ளான்) காய்ச்சலால் மூடப்படும் நிலைக்கு வந்தது. கொசுவே மலேரியாவைப் பரப்புவது என்பதை ரொனால்டு ராஸ் ஹைதராபாத்தை அடுத்த செகந்திராபாத்தில் 1897-ல் கண்டு நான்காண்டே ஆகியிருந்தது. வாட்சன் சதுப்பை வடித்தார், காட்டைத் தள்ளி வெட்டுவித்தார். ஊரும் துறைமுகமும் தப்பின. தோட்டங்களின் கதை வேறு. ரப்பருக்காக மலையடிவாரக் காட்டை வெட்டிய இடங்களில், நிழல் நீங்கிய ஓடைகளில் வேறொரு ஜாதிக் கொசு பெருகிற்று. லயங்களில் பிணம் விழுந்தது. அத்தோட்டங்களில் வடிகால் வருமுன் கையிலிருந்த ஒரே ஆயுதம் கொயினா. பெரட்டில் ஆள்கணக்கு எடுக்கையிலேயே டிரசர் முன்னிலையில் விழுங்கவேண்டும். கசப்பாலும் காதிரைச்சலாலும் துப்பியவர் பலர். ஆகவே வாயைத் திறந்து காட்டச் சொல்வதும் உண்டு. கொயினா காய்ச்சலைத் தணிக்கும், கொசுவை ஒழிக்காது என்பதை வாட்சனே வற்புறுத்தினார். நிலத்தடி வடிகாலும் எண்ணெய் தெளிப்பும் பின்னர் வந்தன. எனினும் அவ்விடைக்காலத்தில் உயிர் பிழைத்தவருள் எத்தனையோ பேர், மமானி காத்திருந்த விதையின் மரத்தால் பிழைத்தவர்கள்.

1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் வசமாயிற்று. உலகத்துக் கொயினாத் தோட்டங்களிற் பெரும்பகுதி அவர்கள் கையில். அதே ஆண்டு சயாம்–பர்மா ரயில்பாதை வேலை தொடங்கிற்று. நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் அந்தக் காட்டில் காய்ச்சலிலும் பேதியிலும் ஆயிரமாயிரமாய் மாண்டார்கள். மருந்து பக்கத்துத் தீவில் மரமாய் நின்றது.

இன்று உலகத்து அல்பாக்காக்களிற் பெரும்பகுதி பெருவில் இருக்கிறது. லாமாக்கள் பொலிவியாவில் மிகுதி. லாரியும் கோவேறு கழுதையும் வந்தபின் லாமாவின் சுமை குறைந்துவிட்டது. அல்பாக்காவின் உரோமத்துக்கு விலை நிற்கிறது. பெரு நாட்டின் அரசாங்கச் சின்னம் 1825-ல் ஏற்பட்டது. அதில் மூன்று உருவங்கள்: அல்பாக்காவின் மூதாதையாகிய விக்குனா, சிங்கோனா மரம், காசு கொட்டும் கொம்பு. லாமா அதில் இல்லை. பொலிவியாவின் சின்னத்தில் பொட்டோசி மலை நிற்கிறது. அதன் முன் நீண்ட கழுத்துடன் ஒரு பிராணி நிற்கிறது. சட்டம் அதை அல்பாக்கா என்கிறது. பார்ப்பவரிற் பலர் லாமா என்கின்றனர்.